சுவர் இருந்தால்தான் டர்போ

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதே பழைய ஸ்லீவின் மேல் டர்போவையும் ஏற்றினால் பலம் இரட்டிப்பாகும் என்பது ஆசைக் கணக்கு. மூன்று மில்லிமீட்டர் இரும்பு போடும் கணக்கு வேறு.

ஆனேக்கல் தாலுகாவில் என்ஜின்கள் பிறப்பதும் உண்டு, மறுபிறவி எடுப்பதும் உண்டு. பிறப்பு நடப்பது ஜிகனி தொழிற்பேட்டையில். டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த தொழிற்சாலை ஒன்று 2016ல் அங்கே டீசல் என்ஜின் தயாரிப்பைத் தொடங்கியது. சுமார் 1,100 கோடி ரூபாய் முதலீடு. ஆண்டுக்கு 1,08,000 என்ஜின்கள் செய்யும் திறன். அங்கே சிலிண்டரின் துளையைக் கடைவது இயந்திரம், அதை அளப்பதும் இயந்திரம்.

மறுபிறவி நடக்கும் இடங்களில் இவ்வளவு பகட்டு கிடையாது. சந்தாபுரா, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி என்று ஓசூர் சாலையை ஒட்டிய ஊர்களின் லேத் பட்டறைகள்தான் அவை. ஆயில் குடித்து, நீலப் புகை கக்கி, மேடு ஏற மறுக்கும் வண்டியின் என்ஜினை இறக்கிப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, சற்றே பெரிய பிஸ்டன் போட்டுத் திருப்பி அனுப்புவது அங்கே அன்றாட வேலை. 'ரீபோர்' என்ற சொல்லுக்கு அந்தச் சாலையில் தமிழும் தேவையில்லை, கன்னடமும் தேவையில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் ஆசாமி உண்டு. வயது இருபதுகளில். கையில் 2000ம் ஆண்டுவாக்கில் வந்த ஹோண்டா சிட்டியோ மாருதி எஸ்டீமோ இருக்கிறது. அநேகமாக அப்பா ஓட்டிய வண்டி. பல லட்சம் கி.மீ. ஓடிவிட்டதால் ரீபோர் செய்தே ஆக வேண்டிய நிலை. எப்படியும் என்ஜினைப் பிரித்தாகிவிட்டது. கொஞ்சம் பெரிதாகவே கடைந்து கூடுதல் சிசி சேர்த்துக்கொள்ளலாம், பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கும் ஒரு டர்போவையும் கூடவே மாட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. மாற்றாமல் விடுவது ஒன்றே ஒன்றைத்தான். கம்பெனி வைத்த ஸ்லீவ் அப்படியே இருக்கிறது.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே தெரிந்த வேலைகள். துளையைப் பெரிதாக்குவது நூறாண்டுப் பழக்கம். டர்போவோ இன்றைய டீசல் கார்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் ஒன்று சுவரை மெலியச் செய்கிறது, மற்றது அதே சுவர் மீது பாரத்தை ஏற்றுகிறது. ஒரே வீட்டில் செங்கல்லை உருவிக்கொண்டே மேல்மாடி கட்டுவது போன்ற காரியம் இது.

தொட்டிக்குள் டம்ளர்கள்

சிலிண்டர் பிளாக் என்பது அடிப்படையில் துளைகள் போட்ட ஓர் உலோகக் கட்டி. வார்ப்பிரும்பில் செய்த பிளாக் என்றால் அந்த இரும்பே பிஸ்டனுக்குச் சுவராக இருக்க முடியும். எடையைக் குறைப்பதற்காக அலுமினியத்தில் வார்க்கும்போதுதான் சிக்கல். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை பிஸ்டன் ரிங்குகள் உரசுவதை வெறும் அலுமினியம் தாங்காது. எனவே வார்ப்பிரும்பில் மெல்லிய குழாய் செய்து, அதைச் சுற்றி அலுமினியத்தை வார்த்துவிடுகிறார்கள். இந்தக் குழாய்தான் ஸ்லீவ். லைனர் என்றும் சொல்வதுண்டு.

1998ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஹோண்டா சிட்டி இந்த ரகம். அதன் 1.5 லிட்டர் என்ஜினில் சிலிண்டரின் துளை 75 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 84.5 மி.மீ. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1,493 சிசி. 2000ல் வந்த விடெக் மாடல் டர்போ எதுவும் இல்லாமலேயே 106 குதிரைசக்தி கொடுத்தது. அந்த விலைக்கு அன்றைய சாலைகளில் அது பெரிய விஷயம். இன்றும் பழைய சிட்டிக்கு ரசிகர் கூட்டம் இருப்பது அதனால்தான்.

அந்த பிளாக்கின் மேல்தளம் திறந்தது. ஸ்லீவ்களின் தலைப்பகுதியைச் சுற்றி வெறும் பள்ளம். அதில் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. தொட்டிக்குள் வரிசையாக நிறுத்திய டம்ளர்கள் போல ஸ்லீவ்கள் நிற்கின்றன. கீழே பிடிமானம் உண்டு. மேலே சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டோடு சேர்ந்து அழுத்திக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் பெரிய ஆதரவு இல்லை. இதில் குறை ஒன்றும் கிடையாது. வார்ப்பது எளிது, குளிர்ச்சியும் நன்றாகக் கிடைக்கும். 106 குதிரைசக்திக்கு அந்தச் சுவர் தாராளம். வடிவமைத்தவர்கள் போட்ட கணக்கும் அதற்குத்தான்.

சிலிண்டர் சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் அதிகம் தேயும். பிஸ்டன் கீழே தள்ளப்படும்போது சாய்ந்து உரசும் பக்கத்திலும் அதிகம் தேயும். வட்டமாக இருந்த துளை மெல்ல மெல்ல முட்டை வடிவுக்கு வருகிறது. வட்டமான ரிங் அதில் ஒட்டி உட்கார முடியாது. மேலிருந்து எரிவாயு கீழே கசியும், கீழிருந்து ஆயில் மேலே ஏறும். நீலப் புகையின் ரகசியம் இதுதான்.

ரீபோர் என்பது மீண்டும் வட்டமாகும் வரை கடைவது. அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் வருவது பொதுவான வழக்கம். எல்லா என்ஜினுக்கும் எல்லாப் படியும் கிடைக்காது. எந்தப் படி வரை போகலாம் என்பது தயாரிப்பாளர் சொல்லும் எல்லை. துளையின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய லாரிகளே சாட்சி. டாடா லாரிகளில் புகழ்பெற்ற 697 என்ஜினின் பெயரே அதன் அளவுதான்: 6 சிலிண்டர், 97 மி.மீ. துளை. அரை மில்லிமீட்டர் கடைந்தால் பெயரே பொய்யாகிவிடும்.

மூச்சு முட்டும் மேட்டுநிலம்

என்ஜினுக்குப் பலம் பெட்ரோலால் மட்டும் வருவதில்லை. காற்று இருக்கும் அளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். அதிகக் காற்றை உள்ளே அனுப்ப மூன்றே வழி. என்ஜினை வேகமாகச் சுழற்றலாம், சிலிண்டரைப் பெரிதாக்கலாம், அல்லது காற்றை அமுக்கித் திணிக்கலாம். மூன்றாவது வழிக்கு வெளியே வீணாகும் புகையையே கூலியில்லா வேலைக்காரனாகப் பிடித்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி. 1905ல் அவர் காப்புரிமை பெற்ற யோசனை இது: சைலன்சர் வழியாகப் போகும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றட்டும், அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளட்டும். இன்றைய கார் டர்போவில் அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழல்கிறது.

டர்போவின் ஆரம்ப காலப் பெருமை பந்தயத்தில் வந்ததல்ல, உயரத்தில் வந்தது. மேலே போகப் போகக் காற்று மெலிவதால் விமான என்ஜின்கள் திணறின. 1918ல் ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ், அமெரிக்காவில் சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே ஒரு விமான என்ஜினைக் கொண்டு போய், டர்போவுடன் ஓட்டிக் காட்டினார்.

இதில் ஆனேக்கலுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் சென்னையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் சென்னையில் இழுக்கும் மூச்சில் பத்தில் ஒன்றை ஓசூரைத் தாண்டுவதற்குள் இழந்துவிடுகிறது. எனவே பெங்களூர் இளைஞர்கள் டர்போ மீது ஆசைப்படுவதை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. கேள்வி, அதை எந்தச் சுவரின் மீது ஏற்றுவது என்பதுதான்.

இரண்டு பேரம்

கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. பழைய சிட்டியின் 75 மி.மீ. துளையை 76 மி.மீ. ஆக்கினால் 1,493 சிசி என்பது சுமார் 1,533 சிசி ஆகும். கூடுதல் 40 சிசி. சதவீதத்தில் 2.7. கிடைக்கும் ஆதாயம் அவ்வளவுதான்.

டர்போவோ வேறு ஜாதி. வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு அமுக்கினால், அமுக்கும்போது காற்று சூடாகி விரிவதைக் கழித்த பிறகும், நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் காற்று உள்ளே போகும். இடையில் இன்டர்கூலர் வைத்துக் குளிரச் செய்தால் சுமார் 40 சதவீதம் வரை எட்டலாம். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இப்போது சுவரின் கணக்கு. உருளையான குழாயின் சுவர் தாங்கும் இழுவிசையை அறிய எளிய சூத்திரம் உண்டு: உள் அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கிச் சுவரின் தடிமனைப் போல இரு மடங்கால் வகுக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கும் கொதிகலனுக்கும் பயன்படும் அதே சூத்திரம். உதாரணத்துக்கு ஒரு ஸ்லீவின் தடிமன் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். துளையை 1 மி.மீ. பெரிதாக்கும்போது ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ. போய், மிஞ்சுவது 2.5 மி.மீ. எரியும்போது உள்ளே எழும் உச்ச அழுத்தம் வழக்கமாக 60 பார், டர்போவுடன் 80 பார் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

வெறும் ரீபோர் மட்டும் செய்தால் சுவரின் மீது விழும் இழுவிசை சுமார் 22 சதவீதம் கூடுகிறது. வெறும் டர்போ மட்டும் மாட்டினால் சுமார் 33 சதவீதம். இரண்டையும் சேர்த்தால் 62 சதவீதம். ஒன்றை மற்றது பெருக்குகிறது. நிஜ என்ஜினில் ஸ்லீவைச் சுற்றியிருக்கும் அலுமினியம் ஓரளவு தாங்கும் என்பதால் எண்கள் மாறலாம். ஆனால் போக்கு மாறாது.

இரண்டு பேரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். டர்போ கேட்பது 33 சதவீதக் கூடுதல் பாரம். கொடுப்பது 30 முதல் 40 சதவீதக் கூடுதல் காற்று. ரீபோர் கேட்பது 22 சதவீதக் கூடுதல் பாரம்; கொடுப்பது 2.7 சதவீதம். பலத்துக்காகத் துளையைப் பெரிதாக்குவது, கந்துவட்டிக்குக் கடன் வாங்கிச் சேமிப்புக் கணக்கில் போடுவதற்குச் சமம்.

வெடிப்பதில்லை, வளைகிறது

மெல்லிய ஸ்லீவ் பட்டாசு போலச் சிதறும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். பல சமயம் நடப்பது அதைவிட மௌனமானது. ஒவ்வொரு எரிப்பின்போதும் சுவர் நூலளவு விரிந்து சுருங்குகிறது. பிஸ்டன் சாயும் பக்கம் தள்ளப்படுகிறது. தொட்டிக்குள் நிற்கும் டம்ளர் லேசாக அசைகிறது. துளை வட்டம் இழக்கிறது. ரிங் ஒட்டவில்லை. எரிவாயு கீழே இறங்கி கிராங்க் கேஸில் அழுத்தமாகச் சேர்கிறது. மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்று சொல்லும் வியாதி இதுதான். ஆயில் மூடியைத் திறந்தால் புகை சீறும். புது ரிங் போட்டும் புகை நிற்காது. ஏனென்றால் நோய் ரிங்கில் இல்லை, சுவரில் இருக்கிறது.

அடுத்த பலி ஹெட் கேஸ்கெட். ஸ்லீவின் விளிம்பு அசைந்தால் அதன் மேல் அழுத்தி மூடியிருக்கும் கேஸ்கெட் தேய்ந்து வழிவிடுகிறது. கடைசிக் கட்டம் விரிசல். வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்குவதில் பலவீனம். விரிசல் வழியாகத் தண்ணீர் ஆயிலில் கலந்தால், ஆயில் பால் விட்ட காபி நிறத்துக்கு மாறும். அத்துடன் அந்த பிளாக் பழைய இரும்புக்கடைக்குத்தான்.

இதையெல்லாம் அவசரப்படுத்துவது 'நாக்கிங்'. அமுக்கத்தாலும் சூட்டாலும் பெட்ரோல் தன் முறை வருவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்வது அது. டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போன்ற சத்தம் கேட்கும். அந்தக் கணத்தில் அழுத்தம் திடீரென்று எகிறும். மேலே போட்ட 80 பார் கணக்கு ஒழுங்காக எரியும் என்ஜினுக்கானது. நாக்கிங் அந்தக் கணக்கை மதிப்பதில்லை.

இன்னொரு மறைவான ஆபத்தும் உண்டு. சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வார்ப்பின்போது அச்சு சற்று நகர்ந்தாலே ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். கடையும் இயந்திரத்தைத் தேய்ந்துபோன துளையை வைத்து மையப்படுத்தினால் அந்தக் கோணல் இன்னும் கூடும். 'எல்லாப் பக்கமும் அரை மி.மீ.தான் எடுத்தோம்' என்ற நம்பிக்கை பொய்யாகிவிடும். மீயொலிக் கருவியால் சுவரின் தடிமனைச் சுற்றிலும் அளந்து பார்க்க முடியும். அந்தக் கருவி வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போக வேண்டியிருக்கும். பெரும்பாலான ரீபோர் வேலைகளில் அளக்கப்படுவது துளை மட்டுமே, சுவர் அல்ல.

ஜிகனி சொல்லும் பாடம்

பலத்துக்குத் துளை தேவையில்லை என்பதற்கு ஆதாரம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 2005ல் வந்த இன்னோவாவின் டீசல் என்ஜினில் துளை 92 மி.மீ., கொள்ளளவு 2,494 சிசி. 102 குதிரைசக்தி, 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 2016ல் வந்த இன்னோவா கிரிஸ்டாவுக்காக ஜிகனியில் தயாரான 2.4 லிட்டர் என்ஜினிலும் துளை அதே 92 மி.மீ. கொள்ளளவு 2,393 சிசியாகக் குறைந்திருந்தது. ஆனால் கியர் மாடலில் 150 குதிரைசக்தி, 343 நியூட்டன் மீட்டர். நூறு சிசி குறைந்து, முறுக்குவிசை எழுபது சதவீதம் கூடியிருந்தது.

கூடுதல் பலம் வந்தது காற்றிலிருந்து. பழைய என்ஜினிலும் டர்போ உண்டு. ஆனால் இன்டர்கூலர் இல்லை. புதியதில் இன்டர்கூலர் வந்தது. வேகத்துக்கேற்ப இதழ்கள் திரும்பும் டர்போ வந்தது. எரிபொருளைப் பீய்ச்சும் முறை நுணுக்கமானது. அமுக்க விகிதம் 15.6க்கு 1 என்று அடக்கமாக வைக்கப்பட்டது. பிளாக் வார்ப்பிரும்பு. டர்போவைத் தாங்குவதற்கென்றே சுவர், பிஸ்டன், கேஸ்கெட் எல்லாம் ஒரே மேஜையில் வரையப்பட்டவை. பட்டறையில் மாட்டப்படும் டர்போவுக்கு இந்த உறவுக்காரர்கள் யாரும் கிடையாது. அது தனியாக வந்து இறங்கும் விருந்தாளி.

கம்பெனி பிளாக்கை வைத்தே உலகத்தை வென்றவர்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. 1983ல் நெல்சன் பிக்கே, பிரபாம் காரில் ஃபார்முலா ஒன் பட்டம் வென்றபோது அதில் இருந்தது பிஎம்டபிள்யூவின் 1.5 லிட்டர் டர்போ என்ஜின். டர்போ என்ஜின் கொண்டு ஒரு ஓட்டுநர் உலகப் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. அந்த என்ஜினுக்கு அடிப்படை, சாலையில் ஓடும் சாதாரண பிஎம்டபிள்யூ கார்களுக்காக வார்க்கப்பட்ட இரும்பு பிளாக். ஆனால் அவர்கள் செய்ததைக் கவனிக்க வேண்டும். சாலைக் காரின் 2 லிட்டர் என்ஜினில் துளை 89 மி.மீ., பந்தய என்ஜினில் 89.2 மி.மீ. துளையில் கிட்டத்தட்ட கை வைக்கவே இல்லை. பிஸ்டன் போகும் தூரத்தை 80லிருந்து 60 மி.மீ. ஆகக் குறைத்து, கொள்ளளவை 1,499 சிசிக்குக் கொண்டுவந்தார்கள். 1.5 லிட்டர் என்பது பந்தய விதி. சுவரை விட்டுவைத்தது என்ஜினியரின் விவேகம்.

லாரிப் பட்டறையின் விவேகம்

அப்படியானால் தேய்ந்துபோன சிட்டிக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அந்த வழி, இளைஞர்கள் எட்டிப் பார்க்காத பழைய லாரிப் பட்டறையில் பல காலமாகக் கிடக்கிறது. பல லாரி என்ஜின்களில் லைனர் என்பது செருப்பு மாதிரி. தேய்ந்தால் மாற்ற வேண்டியது. பழையதை அழுத்தி வெளியே தள்ளி, புதியதை அழுத்தி இறக்கி, துளையை மறுபடி ஸ்டாண்டர்டு அளவுக்கே கொண்டுவருவார்கள். சுவர் முழுத் தடிமனோடு திரும்பக் கிடைக்கிறது. சுமை ஏற்றிப் பிழைப்பவருக்குச் சுவரின் அருமை தெரியும்.

கார் என்ஜினில் அதையே செய்வது கடினம், ஆனால் முடியாததல்ல. அலுமினியத்தோடு வார்க்கப்பட்ட பழைய ஸ்லீவை முழுக்கக் கடைந்து எடுத்துவிட்டு, தடித்த புதிய ஸ்லீவை இறுக்கமாகப் பொருத்த வேண்டும். சாதாரண வார்ப்பிரும்பைவிட இழுவிசையைப் பல மடங்கு நன்றாகத் தாங்கும் டக்டைல் இரும்பு இதற்கு ஏற்றது. மேல் விளிம்பு அகலமாக இருந்து ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் டம்ளர்கள் அசையாது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினாலும் வீணாகும் வேலை இது. கூலி, பழைய காரின் விலையோடு போட்டி போடும்.

அவ்வளவு செலவு முடியாதவர்களுக்கு இன்னொரு வழி, அதிகம் தேயாத ஸ்டாண்டர்டு பிளாக்கைத் தேடிப் பிடிப்பது. அதன் துளையைத் தொடாமல் ஹோனிங் மட்டும் செய்து, டர்போவின் அழுத்தத்தை அடக்கி வைப்பது. கடைந்தே ஆக வேண்டுமென்றால் முதல் படியான 0.25 மி.மீ.யோடு நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். முதலில் சுவரின் தடிமனை அளக்க வேண்டும். ஹோனிங் செய்யும்போது பிளாக்கின் மேல் கனமான இரும்புத் தகட்டை ஹெட் போல போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஏனென்றால் ஹெட்டை முறுக்கும்போதே துளை சற்று உருமாறுகிறது, அந்த உருமாறிய நிலையில்தான் வட்டம் தேவை. ரிங்கின் வாயிடைவெளியைக் கூட்ட வேண்டும். டர்போவின் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டிக்கொண்டால் பிஸ்டன் உடையும். 75 மி.மீ. துளைக்கு வழக்கமாக 0.3 மி.மீ. போதும் என்றால் டர்போவுக்கு 0.4க்கு மேல் வேண்டும்.

வார்த்த பிஸ்டனுக்குப் பதில் ஃபோர்ஜ் செய்த பிஸ்டன், உலோக அடுக்குகள் கொண்ட ஹெட் கேஸ்கெட், நாக்கிங் வராதபடி பின்தள்ளிய இக்னிஷன், தேவையான பெட்ரோலைத் தரும் இன்ஜெக்டர், இன்டர்கூலர் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் பெரும்பாலானவை குதிரைசக்தியைக் கூட்டுவதில்லை. கூட்டிய குதிரைசக்தி மறுநாளும் இருக்கும்படி பார்த்துக்கொள்கின்றன.

சாலையில் அல்ல

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்த பிறகும் ஒரு தடை இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் என்ஜினின் கொள்ளளவு பதிவாகியிருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உரிமையாளரையே பொறுப்பாக்குகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கவும் இடம் உண்டு. எந்த வண்டிக்கும் மாசு விதிகள் தனி.

பந்தய மைதானம் வேறு. அங்கே விதிகளை வகுப்பது போட்டி நடத்துபவர்கள். அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டை வருகிறது. சென்னை மோட்டார் பந்தயச் சங்கம் 1990ல் அங்கே அமைத்த தடத்தில்தான் தென்னிந்தியாவின் வேகப் பைத்தியங்கள் பலர் உருவானார்கள். கோவை செட்டிபாளையத்தில் 2003 முதல் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. வண்டியைத் தடத்துக்கு வேறு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகும் பொறுமை இருப்பவர்களுக்கே டர்போ ஆசை நியாயமானது. ஓசூர் சாலையின் நெரிசலில் அந்தக் கூடுதல் குதிரைகளுக்கு மேயக்கூட இடம் கிடையாது.

ஆனேக்கல் பட்டறைகளில் என்ஜினை இறக்கியதும் முதல் வேலை, போர் கேஜை உள்ளே விட்டு முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. துளை எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று அந்த முள் சொல்லும். சுவரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது சொல்லாது. அதைத் தனியாகக் கேட்டு அளக்க வைக்க வேண்டியவர் வண்டிக்காரர்தான். அப்பாவின் காரில் சித்திரம் எழுத ஆசைப்படுவதில் தவறில்லை. தூரிகையை எடுப்பதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்த்தால் போதும்.